குளிரில் மழை பெய்யும் ஊர்

என் கணவர் யுத்தத்துக்குப் போய் வந்தவர் என்பது பெண் பார்க்க வந்தபோதே எங்களுக்குத் தெரியும். இத்தாலியில் பட்டாள லாரி ஓட்டினார் என்று சொன்னார்கள். எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்போது அவர் திருவள்ளூரில் ஓர் அரிசி மண்டிக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குடிப்பது கிடையாது, கை நீட்டுவது கிடையாது, பேச்சும் கம்மி. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அண்ணன் வந்து நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் என்னைக் கொடுத்தார்.

பேச்சு கம்மிதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். அவர் இருந்த அந்த ஊரின் வெயில், மழை, பனி. ஊரின் பேரைச் சொல்ல மாட்டார். கடலிலிருந்து தள்ளி, சுற்றிலும் மலை, நடுவில் ஊர் என்பார், அவ்வளவுதான்.

சித்திரை கடைசியில் திருவள்ளூர் வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கூரை ஓடு தகிக்கும், பானைத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாகிவிடும். நான் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அடுப்பைப் பார்ப்பேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, அங்கேயும் வெயில் கொளுத்தும், ஆனால் வேர்க்காது, நிழலில் போய் நின்றால் போதும், உடம்பு ஜில்லென்று ஆகிவிடும் என்பார். ஆடி, ஆவணி முழுக்க அந்த ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாதாம். புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுமாம். பகலில் ஜன்னலை அடைத்து வைத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பார்களாம். அந்த வெயில் காலத்திலும் விடியற்காலையில் போர்வை வேண்டுமாம். திராட்சை பறித்து முடிக்கிற சமயத்தில் முதல் மழை வந்து, காய்ந்த புல் மறுபடியும் பச்சையாகுமாம். அதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குளிர ஆரம்பித்ததும் பச்சை வருகிற ஊரா?

"ஆமா. அங்க குளிருலதான் மழை. சன்னமா, நாள் கணக்குல பெய்யும். நம்ம ஊரு மாதிரி புயல் வந்து கொட்டிட்டுப் போவாது" என்றார்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பெண் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயதாகும் முன்பே வந்த மார்கழியில் நெஞ்சுச் சளி பிடித்துக்கொண்டது. பனி அந்த வருஷம் கொஞ்சம் அதிகம். குழந்தையைப் போர்த்தி மடியில் வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஊரில் குளிர்காலத்தில் படுக்கப் போகும் முன்னால் ஒரு மண் சட்டியில் தணல் போட்டு, அதை மரக்கூண்டுக்குள் வைத்து, போர்வைக்கு அடியில் நுழைத்துவிடுவார்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் படுத்தால் படுக்கை கதகதவென்று இருக்குமாம்.

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டு முடித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பட்டாளத்துக்காரன் கூடாரத்தில் படுப்பான், இல்லையென்றால் லாரிக்கு அடியில் படுப்பான். ஒரு வீட்டுக்குள் படுக்கையை எப்படிச் சூடாக்குவார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"யார் ஊட்டுல பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சந்தேகம் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதற்கப்புறம் அவர் சொல்வதையெல்லாம் வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். ஜன்னலை அடைப்பது, திறப்பது என்றாரே, எந்த வீட்டு ஜன்னல்? தக்காளியை அறுத்து உப்புப் போட்டுப் பலகையில் காய வைப்பார்கள், மேகம் வராத ஊராகையால் மூட வேண்டியதே இல்லை என்றாரே, யார் காய வைத்தது? வீட்டில் இருக்கிற ஒரு பொம்பளை செய்கிற காரியங்களை மாதம் மாதமாக இவர் அறிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் லோடு ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்தபோது அவருடைய பட்டாளத்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பழைய கம்பளி, ஒரு பெல்ட், ஷேவிங் கிண்ணம். போட்டோ இல்லை. யாருடைய தலைமுடியோ கைக்குட்டையோ எதுவும் இல்லை. நிம்மதியாகப் பெட்டியை மூடியிருக்க வேண்டும். எனக்கோ ஒன்றுமே இல்லாததுதான் உறுத்தியது. அத்தனை வருஷம் கடல் தாண்டி இருந்த மனிதன் ஓர் அடையாளம்கூட எடுத்து வராமல் இருப்பானா?

அண்ணன் வந்திருந்தபோது பட்டும் படாமலும் கேட்டேன். அவர் வேறு ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போனார். பட்டாளம் ஒரே ஊரில் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்காது, இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு ஊரின் நான்கு காலத்தையும் பார்த்தேன் என்றால் அது கட்டுக்கதை என்றார். ஆவடியில் பட்டாள டிப்போவிலேயே வண்டி துடைத்துக்கொண்டு இருந்துவிட்டு இத்தாலி என்று சொல்கிறவர்கள் உண்டாம்.

இப்போது என்னிடம் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, இவர் அங்கே போகவே இல்லை. இன்னொன்று, போய் அங்கே ஒரு குடும்பம் வைத்திருந்தார். எதை நம்புவது என்று தெரியவில்லை. ஒன்று பொய்யானால் மற்றது மெய்யாகும், இரண்டிலும் எனக்கு நல்லது இல்லை.

எதிர் வீட்டில் குடியிருந்த டீச்சரம்மா பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுப்பவர். குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்து கோடையில் காய்கிற ஊர் உலகத்தில் உண்டா என்று அவரைக் கேட்டேன். உண்டு, மத்தியதரைக் கடல் காலநிலை என்று பாடத்திலேயே இருக்கிறது என்றார். இத்தாலியும் அதில் வருமாம். கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் குளிரும் கூட, வெயிலும் கூட என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் வீட்டுக்காரர் சொன்னதோடு பொருந்தியது. ஆக, போனது மெய். அன்று சாயங்காலம் குழம்பில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரைச் சோதிக்க ஆரம்பித்தேன். ஐப்பசி மழையில் கேட்ட கேள்வியை மாசியில் மறுபடி கேட்பேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. பனி எப்போது விழும், பாதாம் மரம் எப்போது பூக்கும், கல்மழை எப்போது பெய்தது. எங்கேயாவது மாற்றிச் சொல்வார், பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் மாற்றவே இல்லை. போன தடவை எந்த வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையில் சொல்வார். "கோதுமை முழங்கால் ஒசரம் இருக்கும்போது கல்மழை வந்துச்சு. மலை மேல பனி, மாதா கோயில்ல மணி அடிக்கிற கிறிஸ்மஸ் பண்டிகைக்கு முன்னாலயே விழுந்துடுச்சு." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல இருக்கும். உண்மையைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தானே சொல்வான்? இது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாயிற்று. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார். சொல்லி முடித்ததும், சரியா என்று கேட்பவர்போல ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார்.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் வேலைக்குப் போனார், நான் சமைத்தேன், பெண் படித்தாள். ஆனால் அவர் வாயைத் திறந்து அந்த ஊரின் வானத்தைப் பற்றிப் பேசினால் எனக்குப் பழைய சந்தேகம் கிளம்பிவிடும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. அப்படி வந்த ஒரு கம்பெனியில் அவருக்கு ஜீப் டிரைவர் வேலை கிடைத்தது. நாங்கள் புதுவாயலில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். ரோட்டோரம், நாளெல்லாம் லாரிச் சத்தம். திருவள்ளூர் வெயில் காய்ந்த வெயில் என்றால் இங்கே ஈரமான வெயில். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்றில் துணி காயவே காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அந்தக் கம்பெனிக்கு மிஷின் பூட்டித் தருவதற்காக இத்தாலியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவரை மெட்ராஸ் ஓட்டலிலிருந்து காலையில் கூட்டிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுவது என் கணவரின் வேலை. இத்தாலிக்காரர் என்று அவர் வீட்டில் சொல்லவே இல்லை. யாரோ வெள்ளைக்காரர் என்று மட்டும் சொன்னார். மீதியைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். அவள் புருஷன் கம்பெனியில் வாட்ச்மேன்.

"இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு அந்த இத்தாலிக்காரன்கிட்ட அவன் பாஷையிலயே பேசிக்கினு போறாராமே. கேட்டுல நிறுத்தறப்போகூட ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு இருந்தாங்களாம்" என்றாள்.

அந்த ஊர்ப் பாஷை தெரியுமா என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ரொட்டி, தண்ணி, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். முதல் முறையாக ஒரு பொய் கையும் களவுமாகச் சிக்கியிருந்தது.

அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். அதற்குப் பதிலாக, அந்த வெள்ளைக்காரரை ஒருநாள் சாப்பிடக் கூட்டி வாருங்கள், பாவம் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு எப்படி இருக்கிறாரோ என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். கூடவே கம்பெனியின் சின்ன எஞ்சினீயரும் வந்தார், தமிழ்ப் பையன், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். அவர் வந்தது எனக்கு நல்லதாயிற்று. என் கணவர் மாற்றிச் சொன்னால் பிடிக்க ஓர் ஆள். பழவேற்காட்டு மீன்காரம்மாவிடம் சொல்லி வைத்து இறாலும் மடவை மீனும் வாங்கியிருந்தேன். காரத்தைக் குறைத்துத்தான் செய்தேன். அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கலாம். வேர்த்துக் கொட்ட, சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். என் கணவர் அவரோடு பேசிய பேச்சில் ரொட்டியும் தண்ணியும் மட்டும் இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பேசினார். என் பெண் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் உங்கள் பாஷையை எப்படிப் பேசுகிறார் என்று கேட்கச் சொன்னேன். கணவரிடம்தான் சொன்னேன், ஆனால் கண்ணை எஞ்சினீயர்மேல் வைத்திருந்தேன். கணவர் தயங்கிவிட்டுக் கேட்டார். இத்தாலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நீளமாக எதையோ சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, நல்லாப் பேசறேனாம் என்றார்.

நான் எஞ்சினீயரைப் பார்த்தேன். அவர் இங்கிலீஷில் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் சொன்னார்.

"அது இல்லம்மா. டிரைவர் அண்ணன் பேசறது மலைப்பக்கத்துக் கெழவிங்க பேச்சாம். பல்லு போன கெழவி பேசற மாதிரியே இருக்குதாம். இப்போ அப்படி யாருமே பேசறதில்லையாம். எந்தக் கெழவிகிட்ட கத்துக்கினாருன்னு கேக்கறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். நானும் சிரிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் மனதில் பார்த்து வந்த பெண் இளம்பெண். கிழவியை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

விருந்தாளிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் சாயங்காலம் திரும்பி வந்தார். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "எந்தக் கெழவி?" என்று கேட்டேன். எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

அவர் இத்தாலியில் லாரியே ஓட்டவில்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி ஓட்டும்போது எதிரிகள் பிடித்து, கப்பலில் ஏற்றி, அந்த ஊருக்கு வெளியே இருந்த கைதி முகாமில் அடைத்தார்களாம். ஒரு வருஷத்துக்கு மேல் கம்பிவேலிக்குள். பிறகு அந்த நாட்டு அரசாங்கம் சமாதானம் கேட்டபோது முகாமில் காவல் கலைந்தது, இவர் ஓடிவிட்டார். ஊரின் கடைசி வீட்டில் ஒரு கிழவி இவரைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஜெர்மன்காரர்கள் ஊருக்குள் வந்துவிட்டதால் இறங்கவே முடியவில்லை. ராத்திரியில் கிழவி ஏணியில் நின்று தணல் சட்டியை மேலே கொடுத்துவிட்டு, தக்காளி, ஜன்னல் என்று வீட்டுக் கதையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாளாம், பாஷை வந்தது அப்படித்தான். திராட்சை பறிக்கும் காலத்தில் ஏறியவர் அடுத்த கோதுமை அறுப்பின்போதுதான் இறங்கினார். பரணில் முகம் அளவுக்கு ஒரு ஜன்னல். அதில் வானமும், மலைச்சரிவும், அங்கிருந்த வயலும் மரமும் மட்டும் தெரியும்.

"வேற இன்னா பாக்கறது? மழைய பாத்தேன், பனிய பாத்தேன், பூ பூக்கறத பாத்தேன்" என்றார்.

கடைசியில் நம் தரப்புப் பட்டாளம் வந்ததும் ஓடிப்போய் அவர்கள் முன்னால் நின்றிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை. இத்தனை மாதம் யார் சோறு போட்டது, எதிரியோடு சேர்ந்துகொண்டாயா, உளவு சொல்ல வந்தாயா என்று ஒரு கூடாரத்தில் உட்கார வைத்துக் கேட்டார்களாம். கைதிகளில் சிலர் அப்படிச் சேர்ந்ததும் உண்டாம். கிழவி வீட்டைக் காட்டிக்கொடுக்க இவருக்கு மனம் இல்லை. சண்டை முடியவில்லை, எதிரி திரும்பி வந்தால் அவளைச் சுட்டுவிடுவான் என்று பயம். அதனால் அந்த ஊரில் இருந்ததை நிரூபிக்க இவரிடம் ஒன்றுதான் இருந்தது. எந்த மாதத்தில் என்ன மழை, எப்போது பனி, எப்போது கல்மழை என்று சொன்னார். அவர்கள் அந்த ஊர்ப் பாதிரியாரைக் கூப்பிட்டு ஒத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து வேறோர் அதிகாரி வந்து அதே கேள்வியைக் கேட்டார். பிறகு இன்னொருவர். ஒரு வார்த்தை மாறினால் தீர்ந்தது என்று இவருக்குத் தெரியும். மாற்றவில்லை. விட்டுவிட்டார்கள்.

"நீயும் அப்படித்தான் கேட்ட. மழையில கேட்டத வெயில்ல கேட்ட. எனக்குத் தெரியும்மே. அதான் ஒரு வார்த்த மாத்தாம சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். கைதியாக இருந்தேன் என்றாலே ஆளை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள், அதனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கப்பல் ஏறும்போதே முடிவு செய்தாராம். ஆனால் அந்த ஊரை அப்படியே மறந்துவிடவும் முடியவில்லையாம்.

என் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டில் கிழவி மட்டும்தானா என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு இருந்தா. கெழவியோட மக. அவதான் சாப்பாடு எடுத்துக்கினு வருவா. ஏணியில நின்னு தட்ட மேல வைப்பா, எறங்கிடுவா. பரண் மேல ஏறனது கெடையாது."

அழகாக இருப்பாளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நம்பினேனா என்றால், கிழவியை முழுக்க நம்பினேன். மகளைப் பாதி நம்பினேன்.

இத்தாலிக்காரர் ஊருக்குத் திரும்பும் முன் என் கணவர் அவரிடம் அந்த ஊரின் பேரையும் வீடு இருந்த இடத்தையும் சொல்லியிருக்கிறார். முடிந்தால் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. என்ன தெரிய வரும் என்று பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் மிஷினைச் சரிபார்க்க அதே ஆள் மறுபடி வந்தார். எங்கள் வீட்டுக்கும் எஞ்சினீயரோடு வந்தார். கார்த்திகை மாதம், ரோடெல்லாம் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்த ஊருக்குப் போனாராம். வீடு இருக்கிறதாம். கிழவி செத்து வெகு காலம் ஆகிறது. மகள் இருக்கிறாள், அவளே இப்போது பாட்டியாகிவிட்டாள்.

யுத்தத்தின்போது இந்த வீட்டுப் பரணில் ஓர் இந்தியர் இருந்தாரா என்று மெக்கானிக் அவளைக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இருந்ததில்லை என்றாளாம். அவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். யார் நீ, எதற்கு இதைக் கேட்கிறாய், உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாளாம். முப்பது வருஷம் ஆன பிறகும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மெக்கானிக் தெருமுனை வரை நடந்து வந்துவிட்டார். பின்னாலேயே கதவு திறந்திருக்கிறது. அவள் வாசலில் நின்றுகொண்டு, அவனுக்கு இன்னும் இருமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாளாம்.

எஞ்சினீயர் இதைச் சொல்லி முடித்தபோது என் கணவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகுதான் சொன்னார். அந்தக் குளிர்மழையில் பரணில் இவருக்கு இருமல் பிடித்துக்கொண்டதாம். தெருவில் போகிறவன் காதில் விழுந்தால் மூன்று பேருக்கும் உயிர் போகும். இவர் இருமத் தொடங்கினாலே அந்தப் பெண் கீழே உரலில் எதையாவது போட்டு இடிக்க ஆரம்பித்துவிடுவாளாம். இடிக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறும் உரலை இடிப்பாளாம்.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அந்தப் பெண்ணின் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரில் விறைத்துப்போன கையால் வெறும் உரலை இடிப்பவளை என்னவென்று சந்தேகப்படுவது?

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எஞ்சினீயரிடம் ஒன்று சொன்னேன். மறுபடியும் அந்த ஊர்ப் பக்கம் போனால் அந்த அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள், இவருக்கு இருமல் இல்லை, எங்கள் ஊரில் அவ்வளவு குளிர் கிடையாது என்று. அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். வந்தவர் தலையாட்டிவிட்டு, இத்தாலிய மொழியில் என் கணவரிடம் எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.